பல் போன இடத்தில் ஒரு பாலம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் வீதியிலேயே வசிக்கும் பல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"பல்லைப் பத்திப் பேசுங்க டாக்டர், ஆனா யாரையும் பயமுறுத்திராதீங்க" என்று சொல்லித்தான் சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அதனால் பயமில்லாத இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவிநாசியப்பரைக் கும்பிடப் போகும்போதெல்லாம் அந்தக் கதை நினைவுக்கு வரும். கூடவே தொழில் புத்தியும் வந்துவிடும். முதலைக்குப் பல் விழுந்தால் கவலை இல்லை. விழுந்த பல்லுக்கு அடியிலேயே அடுத்தது தயாராக இருக்கும். அதன் ஆயுளில் பெரும்பகுதி இப்படி முளைத்துக்கொண்டே இருக்கும். நமக்கு இரண்டே தடவைதான். பால் பல் 20, நிலையான பல் 32. அதற்கு மேல் போனது போனதுதான்.

அப்படிப் போன இடத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. ஒரு பல் போனவர்களைவிட, வரிசையாக மூன்று நான்கு பற்களை இழந்தவர்களை மனதில் வைத்துப் பேசுகிறேன். இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் பிரிட்ஜ் கட்டிக்கொள்ளலாமா என்று நம் வீதியிலேயே பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். காலை நடையில் கேட்பீர்கள், பால் வாங்க நிற்கும்போது கேட்பீர்கள். எல்லோரும் கேட்பது மூன்று கேள்விகள்: வலிக்குமா, எவ்வளவு ஆகும், எத்தனை வருஷம் வரும்? மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. "என் தாடை எலும்பு எப்படி இருக்கிறது, அதை நான் எப்படிக் காப்பாற்றப் போகிறேன்?" இன்று நீங்கள் வேறு எதை மறந்தாலும் இந்தக் கேள்வியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

முதலில், பல் போனால் என்ன ஆகிறது? கடைவாய்ப் பல் வெளியே தெரியாது என்பதால் பலர் அப்படியே விட்டுவிடுகிறோம். வாய்க்குள் நடப்பது வேறு. கீழே பல் இல்லாத இடத்தை நோக்கி மேல் பல் மெதுவாக இறங்கி வரும். பக்கத்துப் பல் காலி இடத்தில் சாயும். இருக்கிற ஒரு பக்கத்திலேயே மென்று மென்று அந்தப் பக்கமும் தேயும். எலும்பும் சும்மா இருக்காது. பல்லின் வேர் இருக்கும்வரைதான் அந்த இடத்து எலும்புக்கு வேலை. வேலை போனதும் அது கரைய ஆரம்பிக்கும். பல் பிடுங்கிய முதல் வருடத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். அதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நடந்துவிடும். "பேரன் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஐந்தாறு வருடம் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாப்பாடும் மாறிவிடும். கடலக்காய், கொய்யா, சுண்டல், கீரைத்தண்டு, கறி எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விடைபெறும். குழைந்த சோறு, ரசம், இட்லி, டீயில் நனைத்த பன் இவைதான் மிஞ்சும். சுகர் இருப்பவருக்கு இது எவ்வளவு பொருந்தாத சாப்பாடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, என்ன வழிகள் இருக்கின்றன? மூன்று.

முதலாவது, கழற்றி மாட்டும் பல் செட். செலவு குறைவு, அறுவை சிகிச்சை கிடையாது. ஆனால் மெல்லும் பலம் குறைவு. ஈறின்மேல் உட்கார்வதால் நாளாக நாளாக எலும்பு கரைந்து தளர்ந்துவிடும்.

இரண்டாவது, பழைய முறை பிரிட்ஜ். இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் ராவி, அவற்றின்மேல் கேப் போட்டு, நடுவில் இல்லாத பல்லைத் தொங்கவிடுவது. ஒரு பல் போனவருக்கும், பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே கேப் தேவைப்படுகிறவருக்கும் இது நல்ல வழிதான். ஆனால் மூன்று நான்கு பற்கள் போயிருந்தால், இருக்கிற இரண்டு பற்கள் அத்தனை பற்களின் பாரத்தையும் சுமக்க வேண்டும். கடைசிக் கடைவாய்ப் பற்கள் போயிருந்தாலோ, பின்புறம் தாங்குவதற்குப் பல்லே கிடையாது. இந்த பிரிட்ஜ் கட்டவே இடமில்லை.

மூன்றாவதுதான் இம்ப்ளான்ட். இம்ப்ளான்ட் என்றால் டைட்டானியத்தால் செய்த சின்ன மரை ஆணி. பெரும்பாலும் மூன்றரையிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் விட்டம், எட்டிலிருந்து பதின்மூன்று மில்லிமீட்டர் நீளம். அதை எலும்புக்குள் இறக்கிப் பல்லின் வேருக்குப் பதிலாக நிறுத்துகிறோம். அதன்மேல் பல் கட்டுகிறோம்.

இங்கேதான் எல்லோரும் கேட்பார்கள்: "ஏனுங்க டாக்டர், நாலு பல்லுக்கு நாலு இம்ப்ளான்ட்டுங்களா?" இல்லைங்க. கோவைக்குப் போகும்போது அவிநாசி ரோட்டு மேம்பாலத்தில் போயிருப்பீர்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளம். 2025 அக்டோபரில் திறந்து ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்கள். அதில் அடிக்கு ஒரு தூணா நிற்கிறது? தேவையான இடைவெளியில் தூண். தூணுக்கும் தூணுக்கும் நடுவே மேல்தளம். வாயிலும் அதே கணக்குதான். வரிசையாக மூன்று பற்கள் போயிருந்தால் பெரும்பாலும் இரண்டு இம்ப்ளான்ட் போதும். கீழே முன்பற்கள் நான்கு போயிருந்தாலும் இரண்டு போதும். நான்கு கடைவாய்ப் பற்கள் என்றால் இரண்டோ மூன்றோ. ஒரு தாடை முழுக்கப் பல் இல்லாதவருக்கு, எலும்பைப் பொறுத்து நான்கிலிருந்து ஆறு, மேல் தாடைக்குச் சில சமயம் அதற்கு மேலும் தேவைப்படும். ஆக, பல்லுக்கு ஒன்று என்று யாராவது கணக்குச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். எண்ணிக்கை மிகக் குறைவாகச் சொன்னாலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். ஒரு பக்கம் இம்ப்ளான்ட்டையும் மறுபக்கம் சொந்தப் பல்லையும் சேர்த்து ஒரே பிரிட்ஜாகக் கட்டுவதைக் கூடியவரை தவிர்ப்போம். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் உண்டு. கடிக்கும்போது பல் மயிரிழை அளவு அமுங்கி எழும். இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டிக்கொள்வதால் அமுங்காது. ஒன்று அசையும் தூண், மற்றொன்று அசையாத தூண். இரண்டின்மேலும் ஒரே தளம் போட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க் கட்டடக்காரர்களே சொல்லிவிடுவார்கள்.

இரும்பு துருப்பிடிக்கும், எலும்பு அதை ஏற்காது. பிறகு டைட்டானியம் மட்டும் எப்படி ஒட்டிக்கொள்கிறது? அதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ஸ்வீடன் நாட்டில் பெர் இங்வார் பிரோன்மார்க் என்று ஒரு மருத்துவர். அவர் பல் வைத்தியர் இல்லை. எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, 1952-ல் முயலின் காலெலும்பில் டைட்டானியத்தால் செய்த சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு இறுகப் பிடித்துக்கொண்டது. விலை உயர்ந்த கருவி வீணாயிற்றே என்று அவர் விட்டுவிடவில்லை. ஏன் ஒட்டியது என்று பல வருடங்கள் ஆராய்ந்தார்.

1965-ல், கோத்தென்பர்க் நகரில், கோஸ்தா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக அதை வாயில் வைத்தார். லார்சனுக்கு அப்போது 34 வயது. பிறவியிலேயே அண்ணப்பிளவு, தாடைக் குறைபாடு, கீழ்த்தாடையில் பல்லே இல்லை. சாப்பிடவும் பேசவும் சிரமம். கீழ்த்தாடையில் நான்கு இம்ப்ளான்ட் வைத்து அவற்றின்மேல் பல் வரிசை கட்டினார்கள். 2006-ல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருடங்களுக்கு மேல், அந்த நான்கும் அவர் வாயில் வேலை செய்தன. ஆனாலும் பல் மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1982-ல் கனடாவின் டொரண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் மற்ற நாடுகளும் ஏற்றுக்கொண்டன. அந்த டைட்டானியத்துக்கான தாதுமணல் நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கிடைக்கிறது என்பது உபரிச் செய்தி.

லார்சன் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. பிரோன்மார்க் அவசரப்படவில்லை. எலும்பு ஒட்ட வேண்டும் என்று கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்க வைப்பது அவர் வழக்கம். இன்று இம்ப்ளான்ட்டின் மேற்பரப்பு மேம்பட்டதால் அந்தக் காலம் குறைந்திருக்கிறது. ஆனாலும் பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு மாதம் ஆகும். வைத்த அன்றே அல்லது ஓரிரு நாளில் பல் கட்டும் முறையும் இருக்கிறது. எலும்பு திடமாக இருந்து, இம்ப்ளான்ட் இறுகப் பிடித்தால் அதைச் செய்யலாம். அப்போதும் முதலில் கட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல்; சில மாதம் மெதுவான சாப்பாடுதான். விளம்பரத்தில் "ஒரே நாளில் பல்" என்று பார்த்தால், அது எனக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மேம்பாலத்துக்குத் தூண் போடுமுன் மண் பரிசோதனை செய்வார்கள் இல்லையா? வாய்க்கு அதுதான் சி.பி.சி.டி. ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அதிலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும்; இல்லையென்றால் கீழ் உதடு மரத்துப்போகும். மேலே கடைவாய்ப் பற்களுக்கு மேல் சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போய் வெகுநாளானால் அந்த அறை கீழே இறங்கி, எலும்பு மெலிந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு எலும்புத் தூள் வைத்து நிரப்பிய பிறகே இம்ப்ளான்ட். அதற்கு இன்னும் சில மாதம் கூடும். இவை எல்லாம் ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வலியைப் பற்றி ஒரு வரி. ஊசி போட்டு மரத்துப்போக வைத்துத்தான் செய்கிறோம். இரண்டு மூன்று நாள் வீக்கமும் லேசான வலியும் இருக்கும். "பல் புடுங்குனதை விட இது பரவால்லீங்க" என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

இனி யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்று பார்ப்போம். சுகர் இருப்பவர்கள் இம்ப்ளான்ட் வைக்கவே கூடாது என்பது தவறு. கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதச் சராசரி எச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருந்தால் எனக்கு நிம்மதி. 8-ஐத் தாண்டினால், "முதல்ல சுகர் டாக்டரைப் பாத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவேன்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு ஊசியோ எடுப்பவர்கள் பல் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெரியம்மாக்கள் பலர், "அது முட்டி வலிக்குப் போட்ட ஊசி, பல்லுக்கு எதுக்கு" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பில் புண் ஆறுவதைத் தடுக்கக்கூடியவை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். இதய மருத்துவரைக் கேட்டு நாங்கள் சொல்கிறோம்.

அடுத்தது புகை. புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்றுப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் வந்தார். கீழே வலப்பக்கம் மூன்று பற்கள் இல்லை. "பீடி, சிகரெட் உண்டுங்களா?" என்று கேட்டேன். "விட்டாச்சுங்க" என்றார். நான் "இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். எப்போது விட்டார், முழுக்க விட்டாரா என்று கேட்கவில்லை. விடாவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை. இரண்டு இம்ப்ளான்ட் வைத்து மூன்று பல் கட்டினேன். நன்றாகவே இருந்தது. பிறகு அவர் பரிசோதனைக்கு வரவில்லை. நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மூன்றாவது வருடம் பிரிட்ஜ் ஆடுகிறது என்று வந்தார். ஒரு இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பே இல்லை. "ராத்திரி ஷிஃப்டுல மட்டும் ஒண்ணு ரெண்டு குடிப்பேனுங்க. வலியே இல்லீங்களே, அதனாலதான் வரல" என்றார். வலி இருக்காது என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து இந்தக் கேள்வியை மூன்று விதமாகக் கேட்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டும் கூப்பிடுகிறேன்.

அவர் சொன்ன அந்த "வலியே இல்லை" என்ற வார்த்தைதான் முக்கியம். இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நோய்ப்படும். அழுக்குப் படிந்தால் முதலில் ஈறு சிவக்கும், பல் துலக்கும்போது ரத்தம் வரும், பிறகு சீழ், கெட்ட வாடை. வலி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதற்குள் எலும்பு போயிருக்கும். ஈறு நோயால் பல்லை இழந்தவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். முதலில் ஈறு நோயைக் குணப்படுத்திவிட்டுத்தான் இம்ப்ளான்ட்டைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

ஆகவே பிரிட்ஜ் கட்டும்போதே அதன் அடியில் சுத்தம் செய்ய வழி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டி முடித்த அன்று, கண்ணாடி முன் உட்கார்ந்து, சின்ன பாட்டில் பிரஷ் போலிருக்கும் இன்டர்டென்டல் பிரஷ்ஷை நீங்களே உள்ளே விட்டு எடுத்துக் காட்டுங்கள். முடியவில்லை என்றால், முடிகிற மாதிரி திருத்திக் கேளுங்கள். கை நடுங்கும் பெரியவர்களுக்குத் தண்ணீர் பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாஸர் உதவும். பிரிட்ஜைத் திருகாணியால் மாட்டியிருந்தால், தேவைப்படும்போது கழற்றிப் பார்க்கலாம். சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தால், மிஞ்சிய சிமென்ட் ஈறுக்குள் தங்காமல் எடுத்திருக்க வேண்டும். இதில் உங்களுக்கு எந்த முறை, ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கேள்வி: எத்தனை வருஷம் வரும்? 2012-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்குப் பார்த்தார்கள். இம்ப்ளான்ட் பிரிட்ஜ்களைத் தாங்கும் இம்ப்ளான்ட்களில், பத்து வருடம் கழித்தும் 93 சதவீதம் நிலைத்திருந்தன. மேலே உள்ள பிரிட்ஜ்களில் நிலைத்தவை 80 சதவீதம். முதல் ஐந்து வருடத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு பிரச்சினை வந்திருந்தது. பீங்கான் உடைவது, திருகாணி தளர்வது, ஈறு வீங்குவது போன்றவை. இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். தூண் நிற்கும், தளத்துக்கு அவ்வப்போது வேலை இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் உத்தரவாதம் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், எதற்கு உத்தரவாதம், ஆணிக்கா பல்லுக்கா என்று கேளுங்கள்.

செலவு. இம்ப்ளான்ட்டின் விலையை மட்டும் சொல்லிவிட்டு, ஸ்கேன், எலும்புத் தூள், மேலே வரும் பல் ஆகியவற்றைப் பிறகு தனியாகச் சேர்ப்பதில்தான் மனக்கசப்பு வருகிறது. எல்லாவற்றையும் பிரித்து எழுதிய ஒரு மதிப்பீட்டை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், விபத்தைத் தவிர, பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை; உங்கள் பாலிசியை ஒருமுறை பாருங்கள். தனியார் மருத்துவமனைச் செலவு கட்டுப்படி ஆகாதவர்கள், நம் பகுதிப் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர் அருகே ஆர்.வி.எஸ்., குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா, திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். என்று சில கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரியில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். நேரம் கூடுதலாகும், பொறுமை வேண்டும்.

கடன் வாங்கியாவது முழு வாய்க்கும் இம்ப்ளான்ட் வைத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். கீழ்த்தாடையில் பல்லே கிடையாது. செட் பேசும்போது எழும்பி எழும்பி வந்ததால், பேத்திக்குக் கதை சொல்வதையே நிறுத்திவிட்டாராம். "பல் போனா சொல் போச்சுன்னு நானே பாடம் நடத்துனவ, டாக்டர்" என்றார். முழு பிரிட்ஜ் வேண்டாம் என்று முடிவு செய்தோம். முன்புறம் இரண்டே இம்ப்ளான்ட். செட்டின் அடியில் பிரஸ் பட்டன் போல இரண்டு பிடிகள். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டிய வழி இதுதான் என்று சொன்னார்கள். இரவில் கழற்றிக் கழுவி வைக்கிறார். பகலில் கதை சொல்கிறார். கடலை மிட்டாய் மட்டும் இன்னும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முடிக்குமுன், மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டிய கேள்விகள்:

என் எலும்பு போதுமா, ஸ்கேனில் காட்டுகிறீர்களா?
எத்தனை இம்ப்ளான்ட், ஏன் அத்தனை?
இதைவிட எளிய வழி எனக்கு உண்டா?
ஆரம்பம் முதல் கடைசி வரை எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு?
எந்த நிறுவனத்தின் இம்ப்ளான்ட், என்ன அளவு என்று எழுதிக் கொடுப்பீர்களா?
இதன் அடியில் நான் எப்படிச் சுத்தம் செய்வது?
ஏதாவது தளர்ந்தால் யாரிடம் வருவது?

இம்ப்ளான்ட் விவரம் எழுதிய அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்து நீங்கள் மகன் வீட்டுக்கு பெங்களூரு போயிருக்கும்போது திருகாணி தளர்ந்தால், அங்குள்ள மருத்துவருக்கு அதுதான் சாவி.

இந்தக் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்கிற மருத்துவரிடம் நம்பி உட்காருங்கள். மிச்சமிருக்கும் சொந்தப் பற்களை இன்று இரவே ஒருமுறை கூடுதலாகத் துலக்குங்கள். நம்மிடம் இருப்பதில் அவைதான் விலை மதிப்பில்லாதவை.